மூலமும் ஆட்டமும்: டொஸ் காலக் கணினி விளையாட்டுக்களின் பாதுகாப்பு – ஒரு திறனாய்வு நோக்கு

தமிழ்ப் பதிப்பு முயற்சிகள் பற்றிய ஆய்வுகளில் ‘மூலம்’ என்னும் சொல் பெரும்பாலும் உரைக்கு எதிர்நிலையில் வழங்கிவந்துள்ளது. ஆசிரியன் யாத்தது மூலம்; அதனை விளக்குவது உரை. கணினித் துறையினர் இச்சொல்லை வேறொரு பொருளில் எடுத்தாள்கின்றனர். மனிதர் வாசித்தறியக்கூடிய நிரல்மொழியில் எழுதப்பட்ட ஆணைத் தொகுதியே அவர்களுக்கு மூலம். தொகுப்பி என்னும் கருவி அதனை இயந்திரம் மட்டுமே அறியும் எண்வரிசையாக மாற்றித் தருகின்றது. கடைகளில் விற்கப்பட்டதும் நண்பர்களிடையே கைமாறியதும் இவ்வெண்வரிசையே. ஆதலால் ஒரு விளையாட்டு இலட்சக்கணக்கானோர் கையிலிருந்தும் அதன் மூலம் ஆக்கியோன் ஒருவனிடத்து மட்டுமே இருந்திருத்தல் கூடும். அவ்வொரு பிரதியும் கெட்டுப்போமாயின் விளையாட்டு உண்டு, மூலம் இல்லை என்னும் விந்தையான நிலை தோன்றும். ஏட்டுச்சுவடி மரபில் இதற்கு நேரான நிலை எதுவும் இல்லை எனலாம். கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றியபோது அவர் தேடியது ஏடுகளையே. ஏடு கிடைத்தால் மூலமும் கிடைத்ததாகும்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினியோடு வெளிவந்த டொஸ் என்னும் இயக்க முறைமைக்கென, 1990களின் நடுப்பகுதி வரையில் ஆயிரக்கணக்கான விளையாட்டுக்கள் எழுதப்பட்டன. எழுதியோருட் பலர் தனியாட்கள், சிலர் மாணவர். இவை நெகிழ்வட்டுக்களிற் பரவின. காந்தப் பூச்சின்மேற் பதியப்பட்ட செய்தி காலப்போக்கில் மங்கும். ஓலையைச் செல் அரிப்பது போல ஈரம்படிந்த இவ்வட்டுக்களைப் பூஞ்சணம் பற்றும். வெளியிட்ட நிறுவனங்கள் பல மறைந்தன. சில பிறவற்றால் விழுங்கப்பட்டன. பதிப்புரிமை மட்டும் எவரிடத்தோ எஞ்சி நின்றது. உரிமையாளர் உரிமை கோராதிருக்கும் விளையாட்டுக்களைக் ‘கைவிடப்பட்டவை’ என ஆர்வலர் அழைப்பர். சட்டம் அப்படியொரு வகையை அறியாது.

2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் எண்ணிம நூலகம் டொஸ் விளையாட்டுக்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை இணைய உலாவியிலேயே ஆடத்தக்கவாறு பொதுமக்கள்முன் வைத்தது. பழைய இயந்திரத்தைப் போலப் புதிய இயந்திரத்தை நடிக்கச் செய்யும் டொஸ்பொக்ஸ் என்னும் மென்பொருள் இதனைச் சாத்தியமாக்கிற்று. இம்முயற்சியின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடல் தகாது. எனினும் அங்கு வைக்கப்பட்டிருப்பன பெரும்பாலும் எண்வரிசைகளே. அவற்றை ஆடலாம், பிரித்துப் பார்க்கவோ திருத்தவோ தமிழிற் பேசவைக்கவோ இயலாது. மலையகத்தார்க்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணத்தால் இந்நிலையை விளக்கலாம். மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குச் செல்லும் பாதையருகே கிடக்கும் மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியிற் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது. கடும் வரட்சியில் நீர் வற்றுகையில் பழைய வழிபாட்டிடங்கள் வெளித்தெரியும். மக்கள் சென்று பார்ப்பர், சிலர் கைதொழுவர், மழை பிடித்ததும் அவை மீண்டும் மறையும். அங்கு ஒரு கல்லைப் பெயர்த்து இன்னொரு கல்லை வைக்க எவராலும் ஆவதில்லை.

ஆட்டம் என்னும் தமிழ்ச் சொல் விளையாட்டையும் கூத்தையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதற்கு அச்சொல்லே இடந்தருகின்றது. சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணியை வெளியுலகம் யாத்திரிகர் மலையேறத் தொடங்கும் இடமாக மட்டுமே அறியும். அதனை அடுத்த தோட்டங்கள் உட்பட மலையகத் தோட்டங்களிலே மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடப்பெற்று வந்துள்ளது. காமன் கம்பம் நடுதல், இரதி மன்மதன் திருமணம், சிவனின் தவத்தைக் கலைத்தல், தகனம், உயிர்த்தெழல் என்னும் சட்டகம் பொதுவானது. பாடல்களோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். வாத்தியாரின் நினைவிலும் மாணாக்கர் படியெடுத்த கொப்பிகளிலும் அவை வாழ்ந்தன. ஒரு தோட்டத்துப் பாட்டை மறுதோட்டத்தார் எடுத்துத் தம்மூர்ப் பெயரையும் தங்காலச் செய்தியையும் சேர்த்துப் பாடுவதற்கு அனுமதி கேட்கும் வழக்கமில்லை. இக்கூத்துக்குத் தனியொரு மூலபாடம் உண்டா என வினவுவது பொருத்தமற்றது. பாடுவோர் தொகையளவு பாடங்கள் உண்டு.

சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழிந்தபின் 1987இல் நூலாயிற்று. அந்நூல் இல்லையேல் இன்று பேசுவதற்கே பல பாடல்கள் இரா. ஆயினும் நாட்டார் பாடல் தொகுப்பு எதற்கும் இயல்பாயுள்ள ஒரு குறையைச் சுட்டாமலிருக்க முடியாது. அச்சிற் சொற்கள் நிற்கின்றன. தப்பின் அடி எப்போது மாறவேண்டும், பாடுவோன் எவ்விடத்தில் மூச்செடுக்கவேண்டும், கூட்டத்தினர் எச்சொல்லில் எதிர்க்குரல் கொடுப்பர் என்பன நிற்பதில்லை. டொஸ் விளையாட்டில் ஆட்டம் எஞ்சி மூலம் அழிகின்றது. கூத்திலோ மூலம் அச்சேறி ஆட்டம் அழிகின்றது. ஒன்றின் பாதுகாப்பு முறைகளை மற்றொன்றின் வெளிச்சத்தில் ஆராய்வதற்கு இம்முரண்பாடே நியாயமாகின்றது.

மூலம் அழிந்த ஆட்டத்திலிருந்து மூலத்தை மீட்ட முயற்சிகளுள் தலையாயது இசட்.இசட்.ரி. என்னும் சிறு விளையாட்டின் வரலாறு. 1991இல், பல்கலைக்கழக மாணவப் பருவத்திலிருந்த டிம் சுவீனி இதனை ரர்போ பாஸ்கல் மொழியில் எழுதி வெளியிட்டார். பின்னாளில் எபிக் கேம்ஸ் எனப் பெயர்பெற்ற பெருநிறுவனத்தின் தொடக்கம் இதுவே. இதிற் சித்திரங்கள் இல்லை. எழுத்துக்களும் குறிகளுமே சுவராகவும் காடாகவும் பகைவராகவும் காட்சியளித்தன. தலைவன் ஒரு புன்முறுவல் முகக்குறி. விளையாட்டோடு ஓர் ஆக்கக் கருவியும் எளிய நிரல்மொழியும் இணைத்து வழங்கப்பட்டமையால், ஆடுவோர் தாமே புதிய உலகங்களை இயற்றலாயினர். சட்டகம் ஒருவருடையது, பாட்டுக்கள் பலருடையவை என்னுமளவில் இது கூத்துமரபுக்கு நெருங்கிய ஒன்று. ஆனால் அச்சட்டகத்தின் மூலம் தொலைந்துபோயிற்று. உலகங்களை இயற்றியோர் சட்டகத்தின் பிழைகளைத் திருத்த இயலாது பல்லாண்டுகள் இருந்தனர்.

2020இல் அட்ரியன் ஷெகியெர்கா என்பார் எண்வரிசையைப் பின்னோக்கி ஆராய்ந்து பாஸ்கல் மூலத்தை மீள எழுதினார். அவர் எழுதியதை அக்காலத்து ரர்போ பாஸ்கல் தொகுப்பியில் இட்டபோது, பழைய வெளியீட்டோடு ஒரு பைற்றும் வேறுபடாத கோப்புக் கிடைத்தது. சுவீனியின் இசைவோடு அது எவரும் எடுத்தாளத்தக்க திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலபாடத் திறனாய்வில் ஈடுபட்டோர் பொறாமைகொள்ளத்தக்க சோதனை இது. முத்தொள்ளாயிரச் செய்யுட்கள் புறத்திரட்டின் வழியே நூற்றுச் சொச்சமாக எஞ்சின. அழிந்த ஏனையவற்றை எவரேனும் ஊகித்தெழுதினால் அது சரியா பிழையா எனத் தீர்ப்பதற்குத் தொகுப்பி எதுவும் இல்லை.

ஆயினும் இவ்வெற்றியை அளவுமீறிப் புகழ்வது தவறாகும். நிரலிலே ஆக்கியோன் இட்ட பெயர்களும் அவன் தனக்கென எழுதிவைத்த குறிப்புக்களும் எண்வரிசையாக மாறும்போதே உதிர்ந்துவிடுகின்றன. மீள எழுதப்பட்ட மூலத்திலுள்ள பெயர்கள் மீட்டவர் சூட்டியவை. விளைவு ஒன்றாயிருப்பினும் சிந்தனைத் தடம் வேறு. சுவீனி ஒரு பகுதியை ஏன் அவ்வாறு எழுதினார், எதனை எழுதி அழித்தார் என்பதை அம்மூலம் சொல்லாது. இது ஒரு மூலம், சுவீனியின் மூலமன்று. பதிப்பாசிரியர்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். கணினி ஆர்வலர் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை.

டூம் என்னும் விளையாட்டின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1993 டிசம்பரில் ஐடி சொப்ட்வெயார் நிறுவனம் டொஸ் கணினிகளுக்கென வெளியிட்ட இதன் மூலத்தை, 1997 டிசம்பரில் அந்நிறுவனமே பொதுவில் வைத்தது. 1999இல் குனூ பொது உரிமம் அதற்கு வழங்கப்பட்டது. எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பரப்பலாம்; மாற்றியதைப் பரப்புவோன் தன் மூலத்தையும் அவ்வாறே திறந்துவிடவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம். எனினும் 1997இல் வெளிவந்தது டொஸ் வடிவத்தின் மூலமன்று, லினக்ஸ் வடிவத்தினது. டொஸ் வடிவில் ஒலிக்குப் பயன்பட்ட நிரற்பகுதி பிறருக்கு உரியதாயிருந்தமையே காரணம். ஓர் ஆட்டத்தின் உறுப்பொன்று மாற்றாரிடம் கடன்பட்டிருப்பின் ஆக்கியோன் விரும்பினும் அதனை முழுமையாகத் திறக்க முடியாது என்பதற்கு இது சான்று.

மேலும், திறக்கப்பட்டது நிரல் மட்டுமே. படங்களும் ஒலிகளும் களங்களும் உரிமையாளரிடமே இருந்தன. இவ்வெற்றிடத்தை நிரப்பும் பொருட்டு 2001 தொடக்கம் பலர் கூடி உருவாக்கிவருவதே பிரீடூம். அதன் சித்திரங்கள் புதியவை, ஒலிகள் புதியவை, களங்கள் புதியவை, இயக்கும் சட்டகம் மட்டும் பழையது. இதனை ஆடுவோர் 1993இன் டூமைக் காண்பதில்லை. ஆகவே இது பாதுகாப்பு ஆகாது எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதம் காமன் கூத்துக்குப் பொருந்துமாயின், இவ்வாண்டு ஆடப்பட்ட கூத்தும் கூத்தன்று என்றாகிவிடும். சட்டகத்தின்மேற் புதிய பாட்டுக் கட்டப்படுவதால் ஆட்டம் உயிர்த்திருக்கின்றது. பழைய பாட்டு எதுவென அறிய விரும்புவோனுக்குப் பிரீடூம் உதவாதென்பது உண்மையே. அவன் செல்லவேண்டிய இடம் ஆவணக் காப்பகம்.

இங்கு ஒரு ஐயமும் எழுகின்றது. கொலைக் காட்சிகளால் நிரம்பிய டூம் தன் தரத்தாற் பிழைத்ததா, திறந்தமையாற் பிழைத்ததா? அதனினும் நுண்மையான கதையமைப்பும் உரையாடலும் கொண்ட டொஸ் விளையாட்டுக்கள் பல, உரிமப் பூட்டினுள்ளே கிடக்கின்றன. திறந்த மூலம் என்னும் சல்லடையிற் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நிரலாளர் விரும்பிய ஆட்டங்களே தங்கியுள்ளன. இத்தெரிவை இலக்கியத் தெரிவாகக் கொள்வதற்கில்லை.

தேடுவோர் கவனிக்கவேண்டிய ஒரு வேறுபாடும் உண்டு. இலவசமாய்க் கிடைப்பதெல்லாம் திறந்த மூலமன்று. ஆக்கியோன் பணம் கேளாது விட்டது ஒரு வகை. மூலத்தோடும் எழுத்திலமைந்த உரிமத்தோடும் விட்டது இன்னொரு வகை. அப்போஜி நிறுவனம் 2009இல் தன் குரோஸ் விளையாட்டு வரிசையைப் பொது உரிமத்தின்கீழ் மூலத்தோடு வெளியிட்டமை இரண்டாவதற்குத் தக்க உதாரணம். ஆடும் களத்தைப் பொறுத்தவரையிலும் இதே நிலைதான். மைக்ரோசொப்ட் டொஸைக் கைவிடவிருப்பதை அறிந்து, 1994இல் ஜிம் ஹோல் என்னும் இயற்பியல் மாணவர் தொடங்கிய பிரீடொஸ், இன்றும் வெளிவரும் திறந்த இயக்க முறைமையாகும். 2016இன் பதிப்பிலிருந்து விளையாட்டுக்களும் அதனோடு சேர்க்கப்பட்டன. மைக்ரோசொப்ட் தன் டொஸ் 4.0இன் மூலத்தைத் திறந்தது 2024இலேயே. நல்லதண்ணியிலுள்ள பாடசாலை ஒன்றிற் பழங்கணினி ஒன்று மூலையிற் கிடப்பதாகக் கொள்வோமாயின், இணைய இணைப்போ பணமோ இன்றிச் சட்டத்துக்குட்பட்டு அதனை இயக்குதல் இன்று கூடும். இசட்.இசட்.ரி. போன்ற ஒன்றின் மூலத்தை மாணவர் வாசித்து, அதன் அறிவிப்புக்களைத் தமிழ்ப்படுத்த முயல்வதும் கூடும். டொஸ் தமிழெழுத்தை அறியாது என்பதே தடை. 1985இல் வெளிவந்த முரசு போன்ற மென்பொருள்கள் அத்தடையைத் தத்தம் வழியிற் கடந்தன. வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கையாண்டமையால், அவற்றில் எழுதப்பட்ட ஆவணம் கைவசமிருந்தும் உரிய எழுத்துருவின்றி வாசிக்க முடியாத நிலை பின்னர் ஏற்பட்டது.

கூத்தின் நிலை இதனினும் சிக்கலானது. திறந்த மூலம் என்னும் கருத்து, முதலிற் பூட்டும் உரிமையுள்ள ஒருவனை வேண்டிநிற்கின்றது. அவனே பின்னர் திறக்கிறான். காமன் கூத்துக்கு அத்தகைய உரிமையாளன் இல்லை. இல்லாமையாலேயே அது பரவியது. இல்லாமையாலேயே இன்று அதனை வேறெவரும் பூட்டவும் முடிகின்றது. ஒருவர் வந்து ஒளிப்பதிவு செய்தால் பதிவின் உரிமை அவரைச் சாரும். பாடிய வாத்தியாரின் தோட்டத்தார் அதன் படியொன்றைக் கேட்டுப் பெறவேண்டியவராவர். 2005 தொடக்கம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் எவருக்கும் திறந்துவைத்துவரும் நூலகம் நிறுவனத்தின் நடைமுறை இவ்விடத்தில் நல்ல முன்மாதிரி. ஆயினும் அனைத்தையும் திறந்துவிடுக என்பதும் முடிந்த முடிபாகாது. இக்கூத்து நேர்த்தியோடும் விரதத்தோடும் பிணைந்தது. எப்பாட்டைக் களத்துக்கு வெளியே பாடலாம் என்பதை ஆடுவோரே சொல்லவேண்டும். கொப்பிகளைப் படியெடுக்குமுன் அவர்களிடம் கேட்கவேண்டியது அதுவே. கேட்டபின் பதியவேண்டியவையும் உள: சொற்களுக்கு மேலாகத் தப்பின் அடிகள், அவை மாறும் இடங்கள், ஒரு காட்சியிலிருந்து மறுகாட்சிக்குச் செல்வதற்கு வாத்தியார் கொடுக்கும் குறிப்பு, இரதி வேடங்கட்டும் இளைஞனுக்கு அவர் முதல் நாளிற் சொல்லிக்கொடுப்பது.