வாசலில் நின்றவளும் வராத நடுவர்களும்

கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் 12 சிறுகதைகளைத் தீபா பஸ்தி ஆங்கிலத்தில் பெயர்த்தளித்த 'ஹார்ட் லாம்ப்' என்னும் தொகுப்பு, 2025ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றது. இத்தகைய கதைகள் நம் வீட்டுக் குறைகளை ஊரறியச் செய்கின்றன என்று வருந்துவோர் உளர். தலைப்புக் கதையை ஊன்றிப் படித்தபின் அவ்வருத்தத்தில் பங்குகொள்ள நம்மால் இயலவில்லை.

கணவன் வேறொருத்தியை நாடிச் சென்றுவிட, கைக்குழந்தையோடு தாய்வீடு வருகிறாள் மெஹ்ருன். உடன்பிறந்தோரோ குடும்ப மானத்தையே பெரிதென எண்ணி, அவளை அவ்வீட்டிலேயே திரும்பக் கொண்டுவிடுகின்றனர். அன்றிரவு தன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் அவளைத் தடுப்பவள் மகள் சல்மா.

இம்முடிவு மிகையுணர்ச்சி கொண்டது எனச் சிலர் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. வளர்ந்த ஆண்கள் கைவிட்ட கடமையை ஒரு சிறுமி சுமக்க நேர்ந்ததே ஆசிரியர் வைக்கும் குற்றச்சாட்டு. கணவனின் பாத்திரம் மெலிதாக வரையப்பட்டிருப்பது குறையே. எனினும் கதையின் பாரம் அவன்மீதன்று, சகோதரர்மீதே இறங்குகிறது.

தம்பதியரிடையே பிளவு நேருமென அஞ்சினால், இருதரப்புக் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புமாறு திருக்குர்ஆன் (4:35) பணிக்கிறது. துன்புறுத்தும் நோக்குடன் மனைவியைத் தடுத்து வைத்தலை (2:231) அது விலக்குகிறது. மெஹ்ருனுக்கு நடுவராக நின்றிருக்க வேண்டியவர்கள், அவள் சொல்லைக் கேளாமலே தீர்ப்பளித்துவிட்டனர். மார்க்கத்தின் பெயரால் 'ஸப்ரு செய்' என்று சொல்லிப் பெண்ணைத் திருப்பியனுப்புவோர் இவ்விரு வசனங்களையும் மீண்டும் ஓதிப்பார்ப்பது நலம்.

'அவர் அடிப்பதில்லையே' என்பது நாம் அடிக்கடி கேட்கும் சமாதானம். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதனை ஏற்பதில்லை. உடல்வதையோடு பாலியல் வன்மம், இழிசொல், மனவதை, செலவுக்குத் தராது முடக்குதல் ஆகியவற்றையும் அது வன்முறையென்றே வகுக்கிறது. எம்மதத்துப் பெண்ணுக்கும் அது பொருந்தும். கணவன் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் வழங்குகிறது. மாவட்டந்தோறும் உள்ள பாதுகாப்பு அலுவலரையும், 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் நாடுவது மார்க்கத்திற்கு முரணன்று.

ஒரு பெண் குழந்தையோடு வாசலில் வந்து நின்றால், அவளுக்கு என்ன நேர்ந்தது என்று முதலில் கேட்கவேண்டும். இக்கதையில் அதைக் கேட்பார் எவருமிலர். அவ்வெறுமையைக் காட்டியமைக்காக நாம் ஆசிரியருக்குக் கடப்பாடுடையோம்.