ரப்பர் வைத்தியமும் படிநிலைச் சோதனையும்

உறக்கத்திலிருந்து எழுப்பிய கணினியில் வைஃபை காணாமல் போவதும், டச்பேட் செயலிழப்பதும், திரை கறுத்தே கிடப்பதும் பழகிய கோளாறுகள். 1996-இல் ஏசிபிஐ தரம் வந்து, உறக்கத்தை ஆளும் பொறுப்பு பயாஸிடமிருந்து இயங்குதளத்துக்குக் கைமாறியது. பழுதுக்குப் பொறுப்பு யாருடையது என்ற குழப்பமும் கூடவே வந்தது. ஆகவே ஒரு முறை பழுதை நீக்குகிறதா என்பது பாதி அளவுகோல்தான். காரணத்தைத் தனியே பிரித்துக் காட்டுகிறதா என்பது மீதி.

தூத்துக்குடியில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது இங்கே மெக்கானிக்கின் முதல் கைவேலை. இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்க முடியாது. எஸ்3 உறக்கத்தில் வேலைநிலை முழுவதும் ராமில்தான் தங்குகிறது. முனையில் படிவு இருந்தால் கணினி எழாமலே போகலாம். குறை முறையில் இருக்கிறது. ராமைக் கழற்றுமுன் மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டிக்கிறார்கள். தேங்கிய மின்சாரம் வடிந்து, எல்லாச் சில்லுகளும் புதிதாகத் தொடங்குகின்றன. குணமாக்கியது ரப்பரா, மின்துண்டிப்பா? இரண்டை ஒருசேர மாற்றிய சோதனை இதற்குப் பதில் சொல்லாது.

‘ஷட்டவுன் செய்தும் பார்த்துவிட்டேன்’ என்ற சாட்சியமும் இதே அளவுக்குப் பலவீனமானது. விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் கர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்து மீட்கிறது. டிரைவரின் கோளாறும் கூடவே மீளலாம். சுத்தமான தொடக்கம் தருவது ரீஸ்டார்ட்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த கணினிகள் நல்ல ஒப்பீட்டுக்கு வழிவைத்தன. ஒன்றில் மட்டும் பழுது தோன்றினால் டிரைவர்மீது சந்தேகம் வலுக்கிறது; இரண்டிலும் தோன்றினால் வன்பொருளோ ஃபர்ம்வேரோ. இந்த இரண்டில் எது என்பதை மட்டும் இந்த ஒப்பீடு சொல்லாது.

உறங்குமுன் டிரைவர் மாட்யூலை இறக்கி, எழுந்தபின் ஏற்றும் லினக்ஸ் ஸ்கிரிப்ட் எளியது, உடனே பலன் தருவது; குற்றவாளி எந்த டிரைவர் என்றும் கோடிகாட்டுகிறது. ஆனால் பழுது கண்ணில் படாததால் அதைப் பதிவுசெய்து திருத்தவைக்கும் அக்கறையும் அதோடு போய்விடுகிறது.

லினக்ஸ் கர்னலிலேயே உள்ள பிஎம்_டிரேஸ் சாமர்த்தியமான கருவி: உறைந்த இடத்தின் அடையாளத்தைக் கணினியின் கடிகாரச் சில்லில் எழுதிவைக்கிறது. விலை, தேதியும் நேரமும் தாறுமாறாவது. அதே கர்னலில் உள்ள பிஎம்_டெஸ்ட் அத்தகைய விலை கேட்பதில்லை. ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர் என ஐந்து படிகளில், தேர்ந்த படிவரை மட்டும் உறக்கத்தை நடத்தி, சில விநாடிகளில் மீட்கிறது. ஃப்ரீசரில் தேறி டிவைசஸில் தவறினால், தேடவேண்டிய இடம் டிரைவர்களுக்குள் சுருங்குகிறது. இதற்கும் எல்லை உண்டு: உண்மையான உறக்கத்துக்குள் இது நுழைவதில்லை; ஃபர்ம்வேரின் பிழை இதன் கண்ணுக்குத் தப்பும். ஆனால் ஐந்து படியும் தேறி, நிஜ உறக்கத்தில் மட்டும் கணினி தவறினால், அந்தத் தேர்ச்சியே ஃபர்ம்வேரை நோக்கிக் கைகாட்டுகிறது. தோல்வியிலும் தேர்ச்சியிலும் செய்தி தரும் முறை இந்தத் தொகுப்பில் இது ஒன்றே.

முதலிடம் பிஎம்_டெஸ்டுக்கு. ஸ்கிரிப்ட் தற்காலிக நிவாரணமாக ஏற்கத்தக்கது. ரப்பரை, மின்சாரத்தை மட்டும் துண்டித்துப் பார்த்தபின் கையில் எடுத்தால் அதுவும் முறையான சோதனையே. அதற்குமுன் எடுத்தால் வெறும் கைராசி.