இரசிகனின் திறனாய்வும் செஞ்சியின் தேசிங்கும்

திரைப்படம் பார்ப்போர் அனைவரும் ஒருவகையில் திறனாய்வாளரே. கொட்டகையை விட்டு வெளியே வந்து தேநீர்க் கடையை அடைவதற்குள் கதையின் குறை, பாட்டின் நிறை, சண்டையின் நீளம் அத்தனையும் பேசி முடிவாகிவிடுகின்றன. இப்பேச்சிற்குக் கூலி இல்லை. எழுதிப் பிழைக்கும் நோக்கமும் இல்லை. இதையே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தவனும், வார இதழுக்கு அஞ்சலட்டையில் அனுப்பியவனும், இன்று கைப்பேசியில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறவனும் ஒரே மரபினர். இவர்களைப் ‘பொழுதுபோகாதவர்கள்’ என்று தள்ளிவிடும் வழக்கம் கற்றவரிடையே உண்டு. நமக்கு அதில் உடன்பாடு இல்லை.

தமிழில் திரைப்பட விமரிசனம் பிறந்ததே இத்தகைய ஆர்வத்தில்தான். 1930களில் ஆனந்த விகடனில் ‘கல்கி’ படங்களைப் பற்றி எழுதியபோது அவர் திரைக்கலை பயின்றவராக எழுதவில்லை. இசையையும் நாடகத்தையும் நேசித்த ஓர் இரசிகராகவே எழுதினார். பிற்காலத்தில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தம் சொந்த முயற்சியால் படப் பெயர்களையும் ஆண்டுகளையும் நடிகர் பட்டியலையும் நிழற்படங்களையும் திரட்டிச் சேர்த்தார். அவர் 2016இல் மறையும் வரை, ஆராய்ச்சி செய்ய வந்தவர்களும் அவருடைய சேமிப்பையே நாடினர். பல்கலைக்கழகங்கள் கருதிப் பாராத ஒன்றைத் தனி மனிதர் ஒருவரின் விருப்பம் காப்பாற்றியது.

நம் இல்லங்களுக்கு இதில் தனிப்பட்டதொரு செய்தி உண்டு. சினிமாவே ஆகாது என்று ஒதுங்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கருத்தை மறுப்பது இங்கு நம் வேலையன்று. ஆயினும் கூடி அமர்ந்து வீரக் கதை கேட்பது நமக்குப் புதிதன்று. படைப்போர் இலக்கியங்களும் கிஸ்ஸாக்களும் இராகத்தோடு படிக்கப்பட, ஊரே அமர்ந்து கேட்ட இரவுகள் உண்டு. ஓதுபவர் ஓரிடத்தில் தடுமாறினால் கூட்டத்திலிருந்து திருத்திய முதியவரே நம் முதல் விமரிசகர். திரையுலகிலும் நம்மவர் கை இருந்தே வந்திருக்கிறது. ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தின் உரையாடலில் கண்ணதாசனோடு பங்கு கொண்ட இரவீந்தர், நாகூரைச் சேர்ந்த காஜா முகைதீன்தான். ‘முதலாளி’ (1957) முதலிய படங்களுக்குப் பாட்டெழுதிய கவி கா.மு. ஷெரீபை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திரைக்குப் பின்னே நாம் இருந்தோம். திரையின் மேல் எவ்வாறு இருந்தோம் என்பதே கேள்வி. இக்கேள்வியைக் கேட்கச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கிடக்கும் கோட்டை அது. சிவாஜி 1677இல் கைப்பற்றியதும், மொகலாயப் படை பல்லாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் வென்றதும் பள்ளிப் பாடத்தில் உள்ளவை. 2025இல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் மராட்டிய மாநிலத்திற்கு வெளியே இருப்பது இது ஒன்றே. இத்தனை இருந்தும், தமிழ் மக்களின் நாவில் செஞ்சி என்றால் நினைவுக்கு வருவது ஓராண்டுகூட நிறைவாக ஆளாத ஓர் இளைஞனின் பெயர்தான்.

தேசிங்கு என்று தமிழ் வழங்கும் தேஜ்சிங், புந்தேல இராஜபுத்திரர். தந்தை சொரூப்சிங் மொகலாயப் பேரரசின் சார்பில் கோட்டைத் தலைவராக இருந்தவர். 1714இல் தந்தை இறக்க, மகன் கோட்டையைத் தன் உரிமையாகக் கொண்டான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் செலுத்தப்படாத கப்பத்தைக் கேட்டார். அவ்வாண்டு அக்டோபரில் நடந்த போரில் தேசிங்கு மாண்டான். கணக்கு வழக்கில் தொடங்கிய இச்சண்டையில் சமயத்திற்கு இடமில்லை. நவாபின் அலுவலரான தோடர்மால் திருவேங்கட மலைக்கோயிலில் சிலையாக நிற்கும் இந்துப் பெருமகன். தேசிங்கின் உயிர்த்தோழனோ இஸ்லாமியன்.

அத்தோழனின் கதைதான் நாட்டுப்பாடகர்களைக் கவர்ந்தது. வரலாறு மகபத்கான் என்று குறிக்கும் அவனை, கதைப்பாடல் ‘மோவுத்துக்காரன்’ என்று அழைக்கிறது. வழுதாவூரில் அவனுக்குத் திருமணம். நண்பனுக்குப் போர் வந்தது என்ற ஓலை கண்டதும் மணவறையை விட்டு எழுந்து, நீலவேணி என்னும் குதிரை மேல் விரைந்து வந்து, களத்தில் உயிர் துறக்கிறான். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் அவனது அடக்கத் தலமும் குதிரையின் சமாதியும் உள்ளன என்று அவ்வட்டார மக்கள் காட்டுகின்றனர். நாட்டுப்பாடகன் ஒருபோதும் அவனைத் தேசிங்கின் ஏவலாளாக ஆக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவனுக்கு வேறு ஊர், வேறு மார்க்கம், வேறு குடும்பம், வேறு குதிரை. அவன் வந்தது தானே தேர்ந்த நட்பினால். எதிரியாகிய நவாபையும் பாடல் மரபு முற்றிலும் இழிவு செய்யவில்லை. உடன்கட்டை ஏறிய இராணியின் நினைவாக இராணிப்பேட்டையை அவர் எழுப்பினார் என்ற செய்தியும் அதே மக்கள் வாயில்தான் வழங்குகிறது. வென்றவனுக்கும் கண்ணீர் உண்டு என்று எண்ணும் பெருந்தன்மை அந்தப் பாமரக் கலைஞனிடம் இருந்தது.

இனிப் படத்திற்கு வருவோம். கிருஷ்ணா பிக்சர்ஸ் லேனா செட்டியாரின் தயாரிப்பில், டி.ஆர். ரகுநாத் இயக்கத்தில், ‘ராஜா தேசிங்கு’ 1960இல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரட்டை வேடம் ஏற்றார். பானுமதி, பத்மினி, எஸ்.எஸ். இராஜேந்திரன் முதலியோர் உடன் நடித்தனர். இசை ஜி. இராமநாதன். எம்.எல். வசந்தகுமாரி பாடிய தசாவதாரப் பாட்டு ஒன்றே போதும், இராமநாதனின் திறத்தை மெச்ச. அதைப் பற்றி நாம் நீட்டப் போவதில்லை, கேட்டவர் அறிவர்.

இதே நிறுவனம், இதே நாயகர், இதே இரு நாயகியர், இதே இசையமைப்பாளர் கூடி 1956இல் தந்த ‘மதுரை வீரன்’ பெருவெற்றி கண்டது. எம்.ஜி.ஆரின் புகழ்பெற்ற படங்களை வரிசைப்படுத்தத் தொடங்குவோர் எவரும் ‘ராஜா தேசிங்கு’வை முதலில் சொல்வதில்லை. ஏன்? இரசிகர்களிடையே ஒரு விளக்கம் உலவுகிறது: கதாநாயகன் இறக்கும் கதை எடுபடாது என்பது. இந்த விளக்கம் நிற்காது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மடிந்த மதுரை வீரனை மக்கள் கொண்டாடவில்லையா? இரசிகன் தன் விருப்பத்தைச் சட்டமாக அறிவிக்கும்போது நேர்கிற இடறல் இது. கைதட்டலை எண்ணிச் சொல்வது செய்தியாகலாம். திறனாய்வுக்குக் காரணமும் வேண்டும்.

நாம் வேறு இடத்தில் காரணம் தேடுவோம். இரட்டை வேடம் என்று வந்தவுடன் பார்ப்பவர் கண் எங்கே செல்கிறது? ‘இருவரையும் ஒரே சட்டத்தில் எப்படிப் பிடித்தார்கள்’ என்ற வியப்பில் செல்கிறது. படத்தைப் பற்றிப் பேசும் இரசிகரும் முதலில் அதனையே பேசுகிறார். இந்துவும் இஸ்லாமியனும் ஒன்று என்று காட்ட, இருவருக்கும் ஒரே முகத்தைக் கொடுப்பது எளிய வழி. நோக்கம் நல்லதே, அதனை நாம் ஐயுறவில்லை. ஆனால் கதைப்பாடலின் அழகு முகங்கள் ஒன்றாக இருந்ததில் இல்லை. வேறு வேறான இருவர், வேறாகவே இருந்துகொண்டு, ஒருவருக்காக ஒருவர் உயிர் கொடுத்தனர் என்பதில் இருக்கிறது. ஒரே முகம் என்று ஆனபின் அங்கே நட்பிற்கு என்ன வேலை? தன்னைத் தானே நேசிப்பதற்கு யாருக்கும் தியாகம் தேவைப்படுவதில்லை.

இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. இந்தியில் 1973இல் வந்த ‘ஜஞ்சீர்’ படத்தில் காவல்துறை அதிகாரியாக அமிதாப் பச்சனும், பட்டாணிய நண்பனாகப் பிராணும் நடித்தனர். இரு நடிகர்கள் எதிரெதிரே நின்றதில்தான் அந்நட்பின் மோதலும் பிணைப்பும் உயிர் பெற்றன. அது 1974இல் ‘சிரித்து வாழ வேண்டும்’ எனத் தமிழுக்கு வந்தபோது, அதிகாரியும் அப்துல் ரகுமானும் ஒருவரே ஆயினர், இரண்டும் எம்.ஜி.ஆர். அப்துல் ரகுமான் கம்பீரமானவன்தான். நம் இளைஞர்கள் அவனைக் கண்டு மகிழ்ந்ததும் உண்மை. எனினும் பதினான்கு ஆண்டுகள் கழித்தும் தமிழ்த் திரை, முஸ்லிம் நண்பனுக்குத் தனியாக ஒரு முகம் கொடுக்கத் துணியவில்லை என்பதை இரசிகன் குறித்து வைக்க வேண்டாமா?

‘பாவ மன்னிப்பு’ (1961) வேறொரு வழியில் இதே இடத்திற்கு வருகிறது. ஏ. பீம்சிங் இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசன் ரஹீமாகத் தோன்றினார். டி.எம். சௌந்தரராஜனோடு நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலும் ஒலித்தது. அக்குரல் திரையில் எழுந்தபோது நம் மக்கள் அடைந்த பெருமிதம் சிறிதன்று. இஸ்லாமியப் பெரியவர் வளர்க்க, ஏழைகளுக்கு உழைக்கும் நல்லவனாக ரஹீம் விளங்குகிறான். படம் நெஞ்சைத் தொடுகிறது. தமிழில் வந்த மிகச் சிறந்த ஒற்றுமைப் படங்களுள் ஒன்றென்றே நாம் மதிக்கிறோம். ஆனாலும் அவன் பிறப்பால் ஆளவந்தாரின் மகன். முஸ்லிமாக வளர்ந்த நாயகன் இறுதியில் இரத்தத்தால் வேறொரு வீட்டின் பிள்ளை என்று தெரிந்தால்தான் பொதுமக்களின் மனம் அமைதியுறும் என்று கதை செய்தவர் எண்ணினாரோ, என்னவோ. முஸ்லிம் தாய் வயிற்றில் பிறந்து, தமிழில் தாலாட்டுக் கேட்டு, தமிழிலேயே பேசித் திரியும் ஒரு நாயகனைக் காண அக்கொட்டகைகளில் நாம் நெடுங்காலம் காத்திருந்தோம்.

‘குலேபகாவலி’ (1955), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ‘பாக்தாத் திருடன்’ (1960) ஆகியவற்றைச் சிலர் எடுத்துக்காட்டுவர. அவை இனிய படங்கள். குழந்தைகளோடு இன்றும் பார்க்கலாம். ஆனால் அங்கே வருபவர் பாக்தாத்துக்காரர், கற்பனை நாட்டவர். செஞ்சிக் கடைத்தெருவில் துணி விற்பவர் அல்லர். காயல்பட்டினத்துக் கப்பல்காரரும் அல்லர். ‘பம்பாய்’ (1995), ‘விஸ்வரூபம்’ (2013) காலத்தில் எழுந்த வாதங்களில் கோபம் மிகுந்தது, நிதானமான எழுத்து குறைந்தது. ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில் படம் பாராதவரே பெரிதும் பேசினர். பார்த்து, நினைத்து, காரணத்தோடு எழுதுகிற இரசிகன் ஊருக்கு ஒருவன் இருந்திருப்பின் அந்த வாதம் வேறு தரத்தில் நடந்திருக்கும்.

அத்தகைய இரசிகனுக்குச் செஞ்சி தருகிற வசதி சென்னையிலிருந்து எழுதுபவருக்குக் கிட்டாது. நகரத்து விமரிசகர் ஒரு படத்தை மற்றொரு படத்தோடு ஒப்பிடுவார். செஞ்சிக்காரர் படத்தைக் கல்லோடு ஒப்பிடலாம். திரையில் கோட்டை என்று காட்டப்படும் அட்டை மதிலையும், இராஜகிரிப் படிகளில் மூச்சிரைக்க ஏறிய தம் கால்களையும் சேர்த்து நினைக்கலாம். இத்தனை செங்குத்தான மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்குப் போய் ஏன் போரிட்டான் அந்த இளைஞன், உள்ளேயே இருந்திருந்தால் எத்தனை மாதம் தாக்குப் பிடித்திருப்பான் என்ற கேள்வி அங்கு வாழ்பவருக்கு இயல்பாக எழும். மானத்தின் பெயரால் அவன் செய்தது வீரமா, அவசரமா என்று கேட்கக்கூடிய ஒரு படம் இன்னும் எடுக்கப்படவில்லை. நண்பன் மணவறையில் அமர்ந்திருக்கும் நேரத்தில் ஓலை அனுப்பியது நட்பா என்றுகூட ஒருவர் கேட்கலாம். வழுதாவூரில் விடப்பட்ட அந்த மணப்பெண்ணைப் பற்றிப் பாடலும் படமும் போதிய அளவு பேசவில்லை. நம் வீட்டுப் பெண்மணிகளிடம் இக்கதையைச் சொல்லிப் பாருங்கள், முதல் கேள்வி அதுவாகவே வரும்.

கோட்டைக்குள் சாதத்துல்லாகானின் பெயரால் ஒரு பள்ளிவாசல் நிற்கிறது. போருக்குச் சில ஆண்டுகள் பின், 1717-18இல் எழுந்தது. பாரசீகக் கல்வெட்டும் உண்டு. தேசிங்கின் தோழனுடைய பெயரைத் தாங்கிய மற்றொரு பள்ளிவாசலும் அதே கோட்டைக்குள் இருக்கிறது. எதிரெதிர் அணியில் நின்ற இருவரின் பெயராலும் இரு தொழுகைத் தலங்கள் ஒரே மதிலுக்குள் உள்ளன. கதை எழுதுவோருக்கு இதைவிட நல்ல காட்சி எது? கைப்பேசியோடு மலையேறிக் குதிரை இலாயத்தையும் நெற்களஞ்சியத்தையும் படம் பிடித்து, பின்னணியில் திரைப்பாட்டு ஒட்டி அனுப்பும் இளைஞர்கள் பெரும்பாலும் இவ்விரு பள்ளிகளையும் கடந்து போய்விடுகின்றனர்.

அவ்வூரில் ‘ராஜா தேசிங்கு’வைக் கொட்டகையில் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கக்கூடும். பாட்டுப் புத்தகம் வாங்கியவர்களும், அதன் ஓரத்தில் தம் கருத்தைப் பென்சிலால் எழுதியவர்களும் இருக்கக்கூடும். எந்தக் காட்சியில் கூட்டம் ஆரவாரித்தது, எந்தக் காட்சியில் அமைதி காத்தது, தாவூத்கானைக் கண்டு நம்மவர் என்ன பேசிக்கொண்டனர் என்பவற்றை எந்த நூலகமும் சேர்த்து வைக்கவில்லை. செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள நம் வாசகக் குடும்பங்கள் தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதியனுப்பினால், ஆண்டும் ஊரும் குறித்து எழுதியனுப்பினால், இவ்விதழில் வெளியிட நாம் காத்திருக்கிறோம்.