கையொப்பம் யாருடையது? இரு கரைகளின் நகர நிர்வாகம்

அடைபட்ட வாய்க்கால், அணைந்துபோன தெருவிளக்கு, சந்தைக் கடைகளின் ஏலம், வீட்டு வரியைக் குறைக்கக் கோரும் ஒரு விதவையின் மனு என்று மாதந்தோறும் வந்து குவியும் காரியங்களைச் சிறு நகரமொன்றின் சபை எவ்வாறு கையாளுகிறது என்பதைப் பார்த்தால், அந்நாட்டார் தம் பிரதிநிதிகளிடம் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்பது, சட்டப் புத்தகங்களைப் படித்து அறிவதைக் காட்டிலும் தெளிவாக விளங்கும் என்பது என் அபிப்பிராயம். பாக்கு நீரிணைக்கு இப்பால் வேதாரண்யம் நகராட்சியும் அப்பால் பருத்தித்துறை நகரசபையும் ஒரே கடற்காற்றை உண்டு, மீன் சந்தையின் கழிவுநீரை எங்கே விடுவது என்ற ஒரே வகையான கவலையைச் சுமந்து, ஒரே மொழியில் கூட்டம் நடத்துகின்றன. இரண்டையும் படைத்த சட்டங்களும் ஒரே ஆங்கில ஆட்சியின் வார்ப்பே. ஆயினும் நிர்வாகத்தின் உயிர்நாடி இரண்டு இடங்களிலும் வெவ்வேறு மேசைகளில் துடிக்கிறது.

இலங்கையில் 1939ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச் சட்டம் தவிசாளரையே சபையின் நிறைவேற்று அதிகாரியாக ஆக்கியிருக்கிறது. செயலாளர் அரசாங்க சேவையைச் சேர்ந்தவராயினும், சபையின் பெயரால் நடைபெறும் காரியங்களுக்குப் பொறுப்பாளி மக்கள் தேர்ந்தெடுத்த அந்த மனிதரே. தமிழ்நாட்டிலோ நகர்மன்றத் தலைவர் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார். மன்றம் அனுமதி வழங்குகிறது. நிறைவேற்றும் அதிகாரம் அரசு நியமித்த ஆணையாளரிடம் இருக்கிறது. முன்னாளில் இங்கு இப்படி இருந்ததில்லை. சேலத்தில் ராஜாஜியும் ஈரோட்டில் பெரியாரும் நகரசபைத் தலைவர்களாக வீற்றிருந்த காலத்தில் தலைவரின் சொல்லே ஊழியர்களுக்குக் கட்டளையாக இருந்தது. 1930களில் ஆணையாளர் பதவி புகுத்தப்பட்டபோது, கட்சிப் பூசல்களால் சீர்குலைந்த நகரசபைகளுக்கு ஒழுங்கு உண்டாக வேண்டுமென்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்த நியாயத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அன்று இடம் மாறிய பேனா இன்றுவரை திரும்பி வரவில்லை.

இதன் விளைவை மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே காணலாம். தமிழ்நாட்டு நகராட்சியின் நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் 'அலுவலகக் குறிப்பு' என்று ஒரு பத்தி நிற்கும். பழுதான மின்மோட்டாரைச் சீர்செய்த செலவு, தற்காலிகத் தூய்மைப் பணியாளர்களின் கூலி, கழிப்பறைக் கட்டணத்தின் குத்தகை முதலியவை 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்' வைக்கப்படும். அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதியோடு ஏற்கனவே முடிக்கப்பட்ட வேலைகளுக்கு மன்றத்தின் பின்னேற்பு கோரும் பொருள்களும் அந்த வரிசையில் வரும். மதிப்பீட்டுத் தொகை மன்றத்தின் வரம்பைத் தாண்டுமாயின் கோப்பு மண்டல இயக்குநருக்கோ, சென்னையிலுள்ள நகராட்சி நிர்வாக இயக்குநருக்கோ பிரயாணம் செய்யும். உறுப்பினர் எழுந்து தம் வார்டின் குடிநீர்க் குழாயைப் பற்றி உருக்கமாகப் பேசலாம். அந்தப் பேச்சைக் காரியமாக்கும் உத்தரவு வேறொருவரின் மேசையிலிருந்தே பிறக்க வேண்டும்.

பருத்தித்துறை போன்ற சபையின் மாதாந்த அமர்விலோ சென்ற கூட்டறிக்கையை முன்மொழிந்து வழிமொழிந்து ஏற்றுக்கொண்டபின், வட்டார உறுப்பினர் தம் வீதியைப் பற்றி எழுப்பும் கேள்வி நேரே தவிசாளரையே சென்று தைக்கிறது. பதில் சொல்லாமல் நழுவுவதற்கு அவருக்கு அரணாக ஓர் ஆணையாளர் இல்லை. அதிகாரம் அவரிடம் இருப்பதனால் ஆபத்தும் அவரையே சார்ந்து நிற்கிறது. ஜனவரி முதல் தேதி தொடங்கும் நிதியாண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வரும் டிசம்பர் மாதம், பெரும்பான்மை பலமில்லாத தவிசாளர்களுக்குக் கண்டமான காலம். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்றபோது முதல்வர் பதவியிழந்தார். அம்மாத முடிவுக்குள் வேறொருவர் தெரிவானார். தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் ஒதுக்கிய பணத்தின் கணக்கு, கட்சிகளின் பலப்பரீட்சைக்குக் களமாவது எனக்கு வருத்தம் தருகிறது. வட்டாரத் தெரிவோடு விகிதாசாரப் பட்டியலையும் கலந்த புதிய தேர்தல் முறையில் தனிப் பெரும்பான்மை அரிதாகிவிட்டதனால் இந்த ஸ்திரமின்மை மேலும் கூடிற்று. இப்பாலோ நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. வரவுசெலவுத் திட்டம் தோற்றதென்று தலைவரின் நாற்காலி அந்த அளவுக்கு ஆடுவதில்லை.

குடிமகன் சபையின் வாசலை மிதிக்கும் காரணங்களிலும் வேற்றுமை உண்டு. வேதாரண்யத்தில் பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழுக்கு நகராட்சிக்குப் போக வேண்டும். பருத்தித்துறையில் அது பதிவாளரின் வேலை, நகரசபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடிநீர் இங்கே நகராட்சியின் தலைப்பொறுப்பு. அங்கே குழாய்நீர் வழங்கல் பெரும்பாலும் தேசிய நீர் வழங்கல் சபையின் கையில் இருக்கிறது.

ஆனால் நூலகம் என்ற ஒரு விஷயத்தில் நான் சற்று நின்று பேசியாக வேண்டும். 1948இல் சென்னை மாகாணத்துப் பொதுநூலகச் சட்டம் உருவாவதற்குக் காரணமாயிருந்த எஸ். ஆர். ரங்கநாதனே யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கும் ஆலோசனை கூறினார். அதன் கட்டடத்தை வரைந்தவரும் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் என்ற கட்டடக் கலைஞர். ஒரே மூளையின் சிந்தனை இரு கரைகளிலும் வேர்விட்டது. முளைத்தவையோ இருவேறு மரங்கள். தமிழ்நாட்டில் நகராட்சி, சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து விகிதம் நூலக வரியை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவிக்கொள்கிறது. ஒப்படைக்காமல் நிலுவை வைப்பதும் உண்டு. எந்த நூல் வாங்கப்பட்டது, வாசகசாலை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று நகர்மன்ற உறுப்பினர் கேட்பதற்குக் கூடத்தில் இடமில்லை. யாழ்ப்பாணத்திலோ, 1930களில் செல்லப்பா என்ற தனிமனிதரின் ஆர்வத்தால் தொடங்கிய நூலகம் நகர நிர்வாகத்தின் சொத்தாயிற்று. 1959இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, அந்த இழப்பை ஊரார் தங்கள் வீட்டு இழப்பாகவே அழுதார்கள். இன்றும் அதனை நடத்துவது மாநகர சபையே. பருத்தித்துறை போன்ற சிறு சபைகளும் தத்தம் நூலகங்களைத் தாமே பேணுகின்றன. வரியை மட்டும் வாங்கிக்கொடுக்கும் சபைக்கும், புத்தக அலுமாரியின் திறவுகோலைத் தன்னிடமே வைத்திருக்கும் சபைக்கும் ஊராரிடத்தில் உண்டாகும் மதிப்பு ஒன்றாக இருக்க முடியாது. இந்த ஒரு காரியத்தில் இலங்கையின் வழியே உயர்ந்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இரு கரைகளுக்கும் பொதுவாக வாய்த்த துர்ப்பாக்கியம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டின் நகர்ப்புற மன்றங்கள் 2016 அக்டோபரில் காலாவதியாகி, 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தனி அலுவலர்களின் ஆட்சியில் கிடந்தன. இலங்கைச் சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை ஆணையாளர்களாலும் செயலாளர்களாலும் நடத்தப்பட்டன. அந்த ஆண்டுகளில் குப்பை அள்ளப்பட்டது, வரி வசூலாயிற்று, விளக்கும் பெரும்பாலும் எரிந்தது. 'மன்றம் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே' என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நடந்தவை யாவும் நடந்தன, வாஸ்தவம். எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்று கேட்பதற்கு உரிமை பெற்ற ஒருவர் மட்டும் ஊரில் இல்லை. வாசலில் போய் நின்று உரிமையோடு சண்டை போடத்தக்க ஒரு மனிதர் தெருவுக்குள்ளேயே வசிப்பது எத்தகைய சௌகரியம் என்பதை, அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் மனுக் கொடுத்த கிழவர்கள் நன்கறிவார்கள்.

அவ்வாறு நெடுநாள் காத்திருந்து 2022இல் பதவியேற்ற தமிழ்நாட்டு மன்றங்களின் முன் சில வாரங்களுக்குள் வந்து நின்ற கனத்த பொருள், வீட்டின் பரப்புக்கேற்ப நூற்றுக்கு 25 முதல் 150 வரை சொத்து வரியை உயர்த்துவது. விகிதம் சென்னையில் நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. தீர்மானம் மட்டுமே மன்றத்தினுடையது. புதிய உறுப்பினர்கள் கையைத் தூக்கினார்கள், அல்லது வெளிநடப்புச் செய்தார்கள். அதே வரிக்காக இலங்கையில் வீட்டின் ஆண்டுப் பெறுமதியை அரசாங்க விலைமதிப்புத் திணைக்களம் கணிக்கிறது. அதன்மேல் நூற்றுக்கு எத்தனை என்பதைச் சபையே விவாதித்து விதிக்கிறது. விதித்தவர் மறுநாள் காலையில் அதே சந்தையில் மீன் வாங்க வருகிறார். விலையை விசாரிப்பதற்கு முன் வரியைப் பற்றி அவரை விசாரிக்க நாலு பேர் அங்கே நிற்கிறார்கள்.