பெண்ணையாறு முதல் கொள்ளிடம் வரை: நான்கு அடுப்புகள்

பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் கேட்டால் வியாபாரி உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். “இன்னைக்கே அறுக்கணுமா, ரெண்டு நாள் வெச்சு அறுக்கணுமா?” என்பார். பதில் வந்த பிறகுதான் குவியலுக்குள் கை போகும். முள்ளைத் தடவுவார், காம்படியை முகர்ந்து பார்ப்பார், விரலால் தட்டிக் காது கொடுப்பார். நம் கடலூர் மாவட்டத்துச் சாப்பாட்டின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. எந்தப் பொருள், எந்தப் பொழுதில், யார் கையால் என்று பார்க்கிற இலக்கணம் அது.

உலகில் இதே இலக்கணத்தைப் பிடித்துப் பேரெடுத்த நாடு அயர்லாந்து. அந்த நாட்டாருக்கும் இந்தக் கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1758இல் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலி, அயர்லாந்துக்காரரின் மகன். 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை எதிர்த்து நின்ற அயர் கூட், அயர்லாந்திலேயே பிறந்தவர். அவர்கள் போருக்கு வந்தவர்கள். நாம் அங்கிருந்து கற்க வேண்டியது வேறு ஒருவரிடம். கார்க் பகுதியில் பேலிமலோ என்ற பண்ணை வீட்டில் மிர்ட்டில் ஆலன் என்ற குடும்பத் தலைவி, 1964இல் தம் சாப்பாட்டு அறையை விருந்தினருக்குத் திறந்துவிட்டார். அன்று தோட்டத்தில் பறித்ததும் பக்கத்துப் பேலிகாட்டன் துறையில் படகு கொண்டுவந்ததும் எதுவோ, அதுவே அன்றைய இலை. அந்தச் சாப்பாட்டுக்காக ஊர் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படித் தேடிப் போகத் தகுந்த அடுப்புகள் நம்மிடம் ஒன்றல்ல, நான்கு உண்டு.

தோட்டத்து அடுப்பு

முதலாவது பண்ருட்டிச் செம்மண்ணின் அடுப்பு. பணிக்கன்குப்பம், காடாம்புலியூர், மாளிகம்பட்டு என்று செம்மண் ஓடுகிற ஊர்களிலெல்லாம் பலாவும் முந்திரியும் அக்காள் தங்கையாக நிற்கின்றன. பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்துதான் பாலூர் ஆராய்ச்சி நிலையம் தன் முதல் பலா ரகத்தைத் தேர்ந்தெடுத்தது.

பலாவின் தரம் கையாலும் காதாலும் அறியப்படுவது. முற்றாத காய் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். முற்றியதில் ஓசை அடங்கி ‘மொத்’தென்று விழும். முள் அகன்று தட்டையாகியிருக்கும். சுளை பிரியும்போது வழவழவென்று குழையாமல் நறுக்கென்று கடிபட வேண்டும். ஆனால் சுளை தின்று முடித்தவர் பலாவைப் பாதிதான் அறிந்தவர். பிஞ்சான பலாமூசைப் பொரியலாக்குவது ஒரு கைப்பக்குவம். கொட்டையைத் தோலுரித்துக் கருவாட்டுக் குழம்பில் போடுவது இன்னொன்று. கருவாட்டின் உப்பையும் புளியையும் உறிஞ்சிக்கொண்டு மாவாக வெந்த அந்தக் கொட்டைதான் எங்கள் வீட்டில் முதலில் தீரும்.

முந்திரி பிரேசிலில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. இன்று அதன் பருப்புக்குச் சந்தையில் எண் உண்டு. 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு. 240 என்றால் அதைவிடப் பெரிது. இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவை பெண்களின் கைகள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும் என்று தெரிந்தே உட்கார்ந்து, பருப்பு உடையாமல் ஓட்டை மட்டும் உடைக்கிற கைகள். முந்திரியின் முதல் தரம் அந்தக் கைகளில்தான் தீர்மானமாகிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தத் தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டது. தாத்தா வைத்த மரம் ஓர் இரவில் விழுந்ததைப் பார்த்தவர்கள் மறுபடி கன்று நட்டார்கள். இன்று நாம் தின்பதில் அந்த நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது.

மடைப்பள்ளி

இரண்டாவது சிதம்பரம். இங்கே முதல் இலை நடராசருக்கு. சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் அந்தக் கோயிலோடு பிறந்த இணை. வறுத்துப் பொடித்த மிளகும் சீரகமும் நெய்யில் மணக்க, சோற்றோடு கலந்தது சம்பா சாதம். கத்திரிக்காயைக் குழைய வேகவைத்து, புளி விட்டு, வறுத்து அரைத்த மல்லியும் மிளகாயும் சேர்த்து, நல்லெண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை சுண்டவைத்தது கொத்சு. வெங்காயம், பூண்டு கிடையாது. மறைத்துக்கொள்ள வேறு மணம் இல்லாததால் புளியின் அளவு சற்றுப் பிசகினாலும் நாக்கு சொல்லிவிடும். கடைகளில் இட்லியோடு கொடுக்கிற கொத்சு இதன் உறவுதான்; ஆனாலும் சம்பா சாதத்தோடு சேர்த்துச் சாப்பிட்டவருக்கே அதன் முழுக் குணம் தெரியும்.

மார்கழித் திருவாதிரையில் களி. சேந்தனார் அன்போடு படைத்த களியை இறைவன் ஏற்றார் என்பது கதை. வறுத்து உடைத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லப்பாகில் வெந்து, கூழாகாமல் உதிரியாக நிற்க வேண்டும். பக்கத்தில் ஏழுகறிக் கூட்டு. இனிப்புக்கும் புளிப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

கரை

மூன்றாவது கடலோரம். கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம், வெள்ளாற்று முகத்துப் பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம். இங்கே சமையலுக்கு முன்பே பாதிச் சமையல் முடிந்துவிடுகிறது, மீன் வாங்குகிற இடத்தில். கண் பளிச்சென்று இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் சதை எழும்புகிறதா என்று பார்த்து வாங்கியவர் வீட்டுக் குழம்புக்கு மசாலா குறைவாகவே வேண்டும். சங்கரா குழம்புக்கு, நெத்திலி வறுவலுக்கு, பால்சுறா புட்டுக்கு என்று மீனுக்கு மீன் விதி உண்டு. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். அந்தக் காட்டு நண்டு அமாவாசையை ஒட்டித்தான் சதை பிடித்திருக்கும் என்பார்கள் கரையோரத்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் பொறுத்திருப்பதும் இந்த அடுப்பின் ஒழுக்கமே.

சாலை

நான்காவது அடுப்பு வடலூரில். 1867 மே 23இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையில் மூட்டிய நெருப்பு இன்றும் எரிகிறது. அங்கே சோறும் குழம்பும்தான். ருசி பற்றிய பேச்சே இல்லை. வருகிறவர் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்ததைத் தொடர்ந்த பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். நம் பக்கமும் பஞ்சம் பார்த்த பக்கம். பசிப்பிணி என்று பசியை நோயாகவே கண்ட ஒருவர் ஏற்றிய அடுப்பு இது. மற்ற மூன்று அடுப்பின் தரத்தையும் நாக்கு சொல்கிறது. இதன் தரத்தைச் சொல்ல வேண்டியது பசித்து வந்தவரின் முகம். நம் மாவட்டத்துப் பெருமைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

எனவே தேடி வருகிறவருக்கு நான் சொல்வது ஒரு நாள்காட்டி. மார்கழியில் சிதம்பரம். தைப்பூசத்துக்கு வடலூர். பங்குனி, சித்திரையில் முந்திரித் தோப்பு. வைகாசி, ஆனியில் பலா. தடைக்காலம் முடிந்ததும் கரை. நம் ஊர்க்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நெடுஞ்சாலையோரம் பலாப்பழம் குவித்து விற்கிற ஊரில், உணவகத்து இலையில் பலாக்கொட்டைக் குழம்பைக் காணோம். வீட்டில் ருசியாகச் சமைப்பதை வெளியூராருக்குப் பரிமாற நாம் ஏன் கூச வேண்டும்? பேலிமலோவிலும் ஒரு வீட்டு அடுப்புதான் வெளியாருக்குத் திறந்தது. பண்ருட்டியில் யாராவது ஒருவர் அப்படித் தம் வீட்டுத் திண்ணையைத் திறந்தால் போதும். வந்தவரிடம் அவர் முதலில் கேட்க வேண்டியதும் மண்டிக்காரர் கேட்பதுதான்: இன்றைக்கே அறுக்கலாமா, இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்களா?