வளர்பிறையா, தேய்பிறையா: ஒரு ஜெர்மன் புத்தகமும் அத்தையின் ஆபரேஷனும்

சில வருடங்களுக்கு முன் அத்தைக்கு மார்பில் இருந்த கட்டியை எடுக்க டாக்டர் தேதி கொடுத்தார். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு. வீட்டில் பெரியவர்களுக்கு சந்தோஷம், வளர்பிறை ஆச்சே. அத்தை மகளுக்கோ அதுதான் பிரச்சனை. 'பௌர்ணமி நெருங்கும்போது கத்தி வைக்கவே கூடாதாம், ரத்தம் நிக்காதாம், பத்து நாள் தள்ளிப் போடலாம்' என்றாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

யோஹன்னா பவுங்கர், தோமஸ் போப்பே இருவரும் 1991ல் ஜெர்மனில் எழுதிய புத்தகம். தலைப்பின் பொருள் 'சரியான நேரம் பற்றி'. நான் வாசித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. பவுங்கர் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், தாத்தாவிடம் கற்றதைச் சொல்கிறார். மரம் வெட்டுவது, விதைப்பது, முடி வெட்டுவது எல்லாவற்றுக்கும் நிலா நாள் உண்டு. அந்தப் பகுதிகளை ரசித்தே படித்தேன். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்று நம்ம ஊரிலும் சொல்வார்கள். அதைச் சோதித்துப் பார்க்கலாம், தவறினால் நஷ்டம் ஒரு மூங்கில்.

உடம்புக்கு வரும்போதுதான் சிக்கல். புத்தகத்தின் அடிப்படை விதி இரண்டு. ஒன்று, வளர்பிறை உள்வாங்கும், தேய்பிறை வெளியேற்றும். அதனால் ஆபரேஷன் தேய்பிறையில். இரண்டு, நிலா எந்த ராசியில் இருக்கிறதோ அந்த ராசிக்குரிய உறுப்பில் கை வைக்கக் கூடாது. மேஷம் தலை, கடகம் மார்பு, மீனம் பாதம் என்று போகும்.

இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோம். இவர்கள் எடுத்துக்கொள்வது சாயன ராசி. நம் பஞ்சாங்கம் நிராயணம். இரண்டுக்கும் இன்று சுமார் 24 பாகை வித்தியாசம். ஒரு ராசியே 30 பாகைதான். அதாவது அவர்கள் கணக்கில் நிலா கடகத்தில் இருக்கும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, நம் கணக்கில் அது மிதுனத்தில் இருக்கும். அத்தைக்குக் கொடுத்த தேதியில் அதுதான் நிலைமை. ஜெர்மன் புத்தகப்படி மார்பைத் தொடக் கூடாது, வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர்படி தாராளமாகத் தொடலாம். ஒரே வானம், ஒரே நிலா!

முதல் விதிக்கு வருவோம். இங்கே எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று: கடலையே இழுக்கிற நிலா, பெரும்பகுதி தண்ணீரான உடம்பை இழுக்காதா? கணக்கு போட்டுப் பார்த்தேன். கடல் ஏறி இறங்குவது, பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நிலாவின் ஈர்ப்பு மாறுபடுவதால். பூமியின் விட்டம் 12,700 கிலோமீட்டருக்கும் மேல். நம் உயரம் ஐந்தரை அடி. தலைக்கும் காலுக்கும் நிலா தரும் ஈர்ப்பு வித்தியாசம், புவியீர்ப்பில் ஏறக்குறைய 33 லட்சம் கோடியில் ஒரு பங்கு.

அளவை விடுங்கள், நுண்ணியதற்கும் விளைவு இருக்கலாம் என்று வாதிடுவார்கள். ஆனால் அலையேற்றத்தின் வடிவமே இந்த விதிக்கு எதிராக இருக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஒரே மாதிரிதான் ஏறும். வளர்பிறை அஷ்டமிக்கும் தேய்பிறை அஷ்டமிக்கும் ஒரே மாதிரிதான் அடங்கும். ஒரு மாதத்தில் இரண்டு சுற்று. வளர்வதும் தேய்வதும் கடலுக்கு ஒன்றே. அப்படியிருக்க, கடலைக் காட்டி வளர்பிறையும் தேய்பிறையும் எதிரெதிர் என்று எப்படிச் சொல்ல முடியும்? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் இதையே யோசித்தேன். எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது இதோடு சூப்பர் மூனையும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெயரை 1979ல் வைத்தவர் ரிச்சர்ட் நோல், வானியலாளர் அல்ல, ஜோதிடர். நிலா ஏறக்குறைய 3,56,500 முதல் 4,06,700 கிலோமீட்டர் வரை விலகி நெருங்கி வரும். மிக நெருங்கும்போது அலையிழுப்பு மிகத் தொலைவில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. உடம்பைக் கடல் மாதிரி நிலா இழுக்கிறது என்றால் ஆபரேஷன் நாள் குறிக்க முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தானே? புத்தகத்தின் இரண்டு விதிகளிலும் தூரத்துக்கு இடமே இல்லை.

நிலாவுக்கு மனிதன் மேல் ஒரு விளைவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021ல் வந்த ஒரு ஆய்வில் அர்ஜென்டினாவின் தோபா பழங்குடியினரும், அமெரிக்காவில் சியாட்டில் மாணவர்களும் கையில் கருவி கட்டித் தூங்கினார்கள். பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில் இரு தரப்புமே தாமதமாகத் தூங்கி, குறைவாகத் தூங்கினார்கள். மின்விளக்கு நிறைந்த நகரத்திலும் அப்படி என்பது எனக்கு இன்னும் வியப்புதான். ஆனால் தூக்கம் அரை மணி குறைவது வேறு, ஆபரேஷன் தேதியை மாற்றுவது வேறு.

அதற்கும் நேரடியான ஆய்வு உண்டு. வியன்னாவில், இந்தப் புத்தகம் பிறந்த பண்பாட்டிலேயே, மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 3,757 பெண்களின் விவரங்களை எடுத்து, அன்று வளர்பிறையா தேய்பிறையா என்று பிரித்துப் பார்த்தார்கள். 2001ல் வெளியானது. உயிர் பிழைத்திருந்ததில் வித்தியாசம் எதுவும் இல்லை.

இதைத்தான் அத்தை மகளிடம் காட்டினேன். முழுசாகப் படித்தாள், ஒன்றும் பேசவில்லை. 'அப்போ பாட்டி சொல்ற வளர்பிறையும் சும்மாதானா?' என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன், பாட்டி காதில் விழாத மாதிரி.

டாக்டர் சொன்ன தேதியிலேயே ஆபரேஷன் நடந்தது. இரண்டு நாள் கழித்து வார்டு ஜன்னலில் பூச நிலா தெரிந்ததாம். அத்தைதான் போனில் சொன்னார்.