ஒரு பென்னிக்கு விற்ற குதிரை

நாவல் ஒன்று படமாகும்போதெல்லாம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "புக்ல இருக்கிற மாதிரியே எடுத்திருக்காங்களா?" எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எதை விட்டுவிடுகிறார்கள், அந்தக் காலி இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

மைக்கேல் மோர்பர்கோவின் 'வார் ஹார்ஸ்' 1982-ல் சிறுவர் நாவலாக வந்தது. 2007-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் நாடகமானது, 2011-ல் ஸ்பீல்பெர்க் படமாக்கினார். மூன்றிலும் கதை ஒன்றே. இங்கிலாந்தின் டெவன் கிராமத்துப் பையன் ஆல்பர்ட் வளர்த்த ஜோயி என்ற குதிரையை, முதல் உலகப்போர் தொடங்கியதும் அவன் அப்பா ராணுவத்துக்கு விற்றுவிடுகிறார். பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து ஜெர்மானியர்களிடம் போய், கடைசியில் ஜோயி வீடு திரும்புகிறது.

நாவலில் கதை சொல்வதே ஜோயிதான். குதிரைக்கு எதிரி நாடு என்று ஒன்று கிடையாது. தன்னைத் தொடுகிற கை அன்பானதா, முரட்டுத்தனமானதா என்பதுதான் அதற்கு முக்கியம். எந்தப் பக்கமும் சாராத சாட்சி. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஜோயி ரொம்பத் தெளிவாகப் பேசுகிறது. நாம் பயப்படுவதற்கு முன்பே தன் பயத்தை அதுவே சொல்லி முடித்துவிடுகிறது.

நாடகம் அந்தக் குரலை மொத்தமாக எடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு பிரம்பை வளைத்துச் செய்த ஆளுயரக் குதிரைகளே மேடைக்கு வருகின்றன. ஒரு குதிரையை 3 பேர் இயக்குகிறார்கள்: தலைக்கு ஒருவர், உள்ளே நின்றபடி முன்னங்கால்களுக்கு ஒருவர், பின்னங்கால்களுக்கு ஒருவர். யாரும் ஒளிந்துகொள்வதில்லை. குதிரை மூச்சு விடுகிறது, காதைத் திருப்புகிறது, அவ்வளவுதான். பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆட்டக்காரரின் கால் நன்றாகத் தெரியும், இருந்தும் குதிரை ஓடும்.

ஜோயியின் தோழன் டாப்தார்ன் சாகும் இடத்தில், அதை இயக்கியவர்கள் அந்த உடலை விட்டு விலகிப் போய்விடுகிறார்கள். மேடையில் மிஞ்சுவது பிரம்புக்கூடு. அதுவரை அதற்கு உயிர் கொடுத்ததில் நமக்கும் பங்கு இருந்தது. அதனால்தான் அந்தச் சாவு நம்மிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போகிறது.

படத்தில் நிஜக் குதிரைகள். அழகு, ஆனால் நாம் நிரப்ப எதுவும் மிச்சமில்லை. ஸ்பீல்பெர்க் ஜெயிப்பது காட்டாமல் விட்ட இடங்களில்தான். குதிரைப்படை பாய்கிறது, எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். அடுத்த நொடி, சேணத்தில் ஆளே இல்லாத குதிரைகள் துப்பாக்கிகளைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடுகின்றன. ராணுவத்திலிருந்து தப்பிய இரண்டு ஜெர்மன் சகோதரர்களைச் சுடும்போது, காற்றாலையின் இறக்கை சுழன்று வந்து மறைத்துவிடுகிறது.

ஆனால் முடிவில் படம் ஒன்றைத் தொலைத்துவிட்டது. போர் முடிந்ததும் ராணுவம் குதிரைகளை பிரான்சிலேயே ஏலம் விடுகிறது. வாங்க வருபவர்களில் கசாப்புக்காரர்களும் உண்டு. நாவலில் ஜோயியை ஏலம் எடுக்கும் பிரெஞ்சுக் கிழவர், அதை ஆல்பர்ட்டுக்கு ஒரு பென்னிக்கு விற்கிறார். கூடவே ஒரு வாக்கும் கேட்கிறார்: செத்துப்போன தன் பேத்தி எமிலியைப் பற்றி அவன் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். நாடகத்தில் இந்த ஏலமே இல்லை. படத்தில் ஏலம் உண்டு, வாக்கு இல்லை. ஆல்பர்ட்டின் அப்பாவுடைய பழைய படைக்கொடியை ஜோயியோடு சேர்த்துக் கிழவர் கொடுத்துவிடுகிறார். சிவந்த வானத்தின் கீழ் அந்தக் கொடி அப்பாவின் கைக்குப் போய்ச் சேர்கிறது.

கண்ணீர் வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கண்ணீரோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நாவலில் முடிவதில்லை. திரும்பி வந்த குதிரைக்கான விலை, திரும்பி வராத ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது. ஒரு போர்க்கதையைப் படமாக்கும்போது ஜோயியின் குரலை விடலாம், ஏலத்தைக்கூட விடலாம். ஏலத்தை வைத்துக்கொண்டு எமிலியை விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.